அப்பா வரும் காட்சிகள்

"படம் நல்லாத்தான் இருக்கும்மா. அந்தக் குடையைப் பிடிச்சுட்டு நிக்கிறாரே, அவரைத்தான் பார்க்க முடியல" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சுண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளைப் பெற்ற அப்பா. அது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாததும் அல்ல. எதிர்வரிசையில்தான் அவர் கடை. அப்பாவுக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

"உங்க அப்பான்னு தெரிஞ்சுதான் சொல்றேன்" என்று அவரே தொடர்ந்தார். "முதலாவது, குரல் சரியில்ல. இரண்டாவது, முகம் சரியில்ல. மூணாவது, அழற இடம். அதைப் பத்திப் பேசவே வேண்டாம்."

மாடி வீட்டுக் கணக்கு டீச்சர், தானும் அதே வரிசையில் அதையேதான் சொல்ல வந்ததாகச் சொன்னார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த தையல்காரர் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமலே "ஆமாம்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் சுண்டு அங்கேயே ஒரு கை பார்த்திருப்பாள். போன வருஷம் அப்படித்தான் பார்த்தாள். சினிமாக் கல்லூரியில் கடைசி வருஷ மாணவர்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். எடுத்ததை வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி, மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். போன வருஷம் குறை சொன்னவர்களிடமெல்லாம் அவள் சண்டைக்குப் போனாள். ஒருவரைப் பார்த்து, உங்களுக்குக் கண் தெரியுமா என்றே கேட்டுவிட்டாள். பேராசிரியர் அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டார். "பார்க்கிறவன் சொல்றதுதான் தீர்ப்பு. இதைக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்பு முடிந்த மாதிரிதான். அதனால் சுண்டு பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஒப்பவில்லை. இந்தப் படத்தில் நடிப்பது அப்பாவின் வாழ்நாள் கனவு. அம்மாதான் சொன்னாள். "உங்க அப்பா காலேஜ்ல நாடகம் போட்டவரு. அந்த ஆசை இன்னும் உள்ளுக்குள்ள கிடந்து தவிக்குது. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, நீதான் கேக்கணும்" என்றாள். சுண்டு கேட்டாள். அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கேட்டு நான் எதைம்மா இல்லேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். சந்தோஷத்தில் மனுஷருக்குப் பேச்சு வரவில்லை என்று அம்மாவும் மகளும் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி உருகினார்கள்.

கதை சின்னக் கதைதான். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளுக்காக ஒரு அப்பா மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் குடையோடு காத்திருக்கிறார். பஸ் வருகிறது, மகள் இறங்கவில்லை. அப்பா அழுகிறார். அடுத்த பஸ்ஸில் இறங்குகிறாள், குடைக்குள் வருகிறாள். அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு கத்த வருகிறவர்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிவிடுவார்கள். அப்படி ஒரு முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் பஸ் ஸ்டாப்பில் விக்கி விக்கி அழுதார். படம்பிடித்த பையனே கேமராவை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினான்.

இப்போது ஆள் கூட்டிக்கொண்டு வந்ததும் அப்பாதான். "ஆள் பிடிக்கிற வேலையை என்கிட்ட விடு" என்று தானாக முன்வந்து, வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டார். கூடத்தில் நாற்காலி போட்டார். படம் முடிந்ததும், தான் இருந்தால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று டீ வாங்கப் போய்விட்டார். இப்படி ஒரு மனுஷரை எப்படி வெட்டுவது?

ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்கப்பா. சின்னச் சின்னத் திருத்தம்தான்."

"என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"எல்லாருமே உங்களைப் பத்தித்தான் பேசினாங்கப்பா."

அது பொய் இல்லை. ஆனால் அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "குறை சொல்லியிருந்தா மறைக்காதேம்மா. மக்கள் சொல்றதுக்கு மதிப்புக் கொடுக்கணும். யாருக்காகவும் பார்க்காதே, வெட்ட வேண்டியதை வெட்டிடு" என்றார். தன் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மகளுக்குத் தைரியம் சொல்கிறாரே என்று சுண்டு சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை படத்தொகுப்பு அறையில் கத்திரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கத்திரி என்பது அவள் வகுப்புத் தோழி. எந்தப் பிரச்சினையைக் கொண்டு போனாலும் அவளிடம் ஒரே தீர்வுதான் இருக்கும், அதனால் வந்த பெயர். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஏசி தண்ணீர் சொட்டும். அதற்குக் கீழே ஒரு பக்கெட்.

"வெட்டிருவோம்" என்றாள் கத்திரி.

"படமே அவருதாண்டி. அவரை வெட்டிட்டு எதைக் காட்டுறது? அதுவும் இல்லாம அப்பா உடைஞ்சு போயிடுவாரு."

"அப்ப முதலாவதை மட்டும் பார்ப்போம். குரலை மாத்துவோம். முகம் இருக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

குரலுக்குக் கத்திரியின் அண்ணன் வந்தான். ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன். அந்தக் காத்திருப்பில் வீட்டிலும் அப்படியே பேசப் பழகிவிட்டிருந்தான். "மகளே, நனைந்துவிடாதே" என்ற வரியை, ரயில் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது என்ற தொனியில் சொன்னான். எத்தனை தடவை திருத்தினாலும் ரயில் தாமதமாகவே வந்தது. போதாக்குறைக்கு அப்பா வாயை மூடிய பிறகும் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

அடுத்த காட்சியிலும் மருந்துக்கடைக்காரர், டீச்சர், தையல்காரர். கூட அக்கம்பக்கத்தார் சிலர். அப்பா அழுகிற இடத்தில் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நல்லவேளை, அப்பா அதற்கு முன்பே எழுந்து டீ வாங்கப் போயிருந்தார். சுண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"குரல் பிரச்சினை தீர்ந்தது" என்றார் மருந்துக்கடைக்காரர், ஏதோ மாத்திரை வேலை செய்துவிட்ட திருப்தியில். "இப்ப முகம்தான் தனியா உறுத்துது. அதை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"முகமே இல்லாம எப்படிங்க?"

"முதுகு இருக்கே" என்றார் டீச்சர். "முதுகு வழியா எவ்வளவோ சொல்லலாம்மா."

ஒத்திகையின்போது பின்னாலிருந்து எடுத்த துண்டுகள் கிடந்தன. கத்திரி அவற்றையெல்லாம் தேடிப் பிடித்து ஒட்டினாள். முகம் போயிற்று. அழுகை போயிற்று. முகம் போனதால் வாயும் போயிற்று. அண்ணனின் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். அப்பா இப்போது இருட்டும் நேரத்தில், பஸ் ஸ்டாப் கம்பத்துக்குப் பின்னால், குடையை இறக்கிப் பிடித்து நிற்கும் ஒரு முதுகு.

மூன்றாவது காட்சி கல்லூரியில், ஜூனியர் மாணவிகளுக்கு. பேராசிரியரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வகுப்பில் சலசலப்பு. மகள் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த முதுகை நோக்கி நடந்தபோது பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "போகாதேடி" என்று ஒரு பெண் திரையைப் பார்த்துக் கத்தியே விட்டாள்.

விளக்கு போட்டதும் சரமாரியாகக் கேள்விகள். அந்த ஆள் ஏன் அவளுக்காகப் பதுங்கி நிற்கிறான்? அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? கடைசியில் அவன் பிடிபட்டானா இல்லையா? படம் முடிந்ததும் பெண்கள் உதவிக்கு அழைக்கும் எண்ணைப் போட வேண்டும் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். மற்றவர்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

சுண்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. பெற்ற அப்பாவை, அதுவும் படத்தில் நடிக்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்த அப்பாவை, கடைசியில் பொறுக்கியாக்கிவிட்டாள். பேராசிரியர் போகிற போக்கில், "சொல்றதைக் கேட்டுத் திருத்துறே, சந்தோஷம். ஆனா இதோட வந்தேன்னா இந்தத் தடவையும் தேற மாட்டே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இப்பவாவது வெட்டட்டுமா?" என்றாள் கத்திரி.

சுண்டு சரியென்று தலையை ஆட்டினாள். வேறு வழி தெரியவில்லை. முதுகும் போயிற்று. மிஞ்சியது ஒரு குடை, அதைப் பிடித்த ஒரு கை, மழை, பஸ். அதை அறையைப் பூட்ட வந்த ஆய்வக உதவியாளருக்குப் போட்டுக் காட்டினார்கள். கையில் சாவிக்கொத்தோடு நின்றபடியே பார்த்தவர், பேய்ப் படம் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார். பேய் இல்லை, உயிருள்ள மனுஷர்தான் என்று எப்படிக் காட்டுவது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் கத்திரி, படம்பிடித்த அன்று பதிவான ஒலியிலிருந்து அப்பாவின் இருமல் ஒன்றைக் கண்டுபிடித்துக் குடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பேய் இருமாதல்லவா?

இருமலாவது இருக்கிறதே என்று சுண்டு மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தத் தேறுதல் வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. அம்மா போனை எடுத்து ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நடித்த படம், கல்லூரி விழாவில் பெரிய திரையில் போடுகிறார்கள், எல்லாரும் வந்துவிட வேண்டும். அப்பாவின் புகார்ப் பிரிவு மொத்தமும் வருகிறது. பிரிவு அதிகாரியே வருகிறாராம். அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கி, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டிவைத்திருந்தாள்.

அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார்.

"அந்தத் திரை எவ்வளவு பெருசும்மா?"

"சுவர் அளவுக்கு இருக்கும்பா."

"அப்ப முகமெல்லாம்..."

"நல்லாவே தெரியும்" என்று சுண்டு எச்சிலை விழுங்கினாள். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். ஆசை ஆளைப் படுத்துகிற பாடு இது என்று அம்மா சுண்டுவின் காதில் கிசுகிசுத்தாள்.

விழா அன்று காலையில், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சுண்டு அப்பா முன்னால் போய் நின்றாள். "அப்பா, படத்துல கொஞ்சம் வெட்டியிருக்கேன்" என்று ஆரம்பித்தாள். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "எதை?" என்றார். கண் பளபளத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா நடுவில் புகுந்து, நல்ல நாளும் அதுவுமாக வெட்டு குத்து என்று பேசாதே என்று அவளை விரட்டிவிட்டாள்.

அரங்கம் நிறைந்துவிட்டது. நடு வரிசையில் அப்பா; ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் பிரிவு அதிகாரி, சுற்றிலும் புகார்ப் பிரிவு. அப்பா புதுச் சட்டையின் காலரை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். சுண்டு அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குத் திரை தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மழை வந்தது. அடுத்துக் குடை வந்தது. பிடரி விறைத்தது. கை வந்தது. பஸ் வந்தது, போயிற்று. அதன் பிறகும் குடைதான். அப்பாவின் தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. சுண்டு புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிறார். இத்தனை பேருக்கு நடுவில் அழுகிறார்.

"எங்கய்யா நீங்க?" என்று பிரிவு அதிகாரி இருட்டில் கேட்டது அந்த வரிசைக்கே கேட்டது.

அப்போது இருமல் வந்தது. "நம்ம சாரோட இருமல்" என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, புகார்ப் பிரிவு மொத்தமும் கைதட்டியது.

விளக்கு எரிந்தது. தேர்வாளராக வந்திருந்த பெண் டைரக்டர் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். சுண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனையோ அப்பா படம் பார்த்துட்டேன்" என்றார் அவர். "எல்லாத்துலயும் அப்பா வந்து நின்னுக்கிட்டு அழுவாரு. இந்தப் பொண்ணு அப்பாவைக் காட்டவே இல்ல. நனையாம இருக்கோம்னா பக்கத்துல அப்பா இருக்காருன்னு அர்த்தம். அந்த ஒரு இருமல்ல என் அப்பா எனக்குத் தெரிஞ்சாரு." சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேராசிரியர் பாய்ந்து மேடையேறி, பார்வையாளர் சொன்னதை மதித்துத் திருத்தினால் ஒரு படம் எப்படி வளரும் என்பதற்கு இதுதான் உதாரணம் என்றார். சுண்டு தேறிவிட்டாள். அதோடு அடுத்த மாதம் வெளியூர்ப் படவிழாவுக்கும் இந்தப் படம்தான் போகிறது. அதற்குள் சில்லறைத் திருத்தம் ஏதாவது இருந்தால் செய்துகொள்ளலாம் என்றார்கள்.

சுண்டுவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். கையைப் பிடித்ததுமே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உங்க முகத்தையெல்லாம் எடுத்துட்டேன்பா. நீங்க அழுததைக்கூட எடுத்துட்டேன். உங்க ஆசையைக் கெடுத்துட்டேன்பா."

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "அட, இதுக்கா அழறே? படம் பெருசா, நான் பெருசா? நீ பாஸாயிட்டே, அது போதும்" என்றார். பிரிவு அதிகாரியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். அலுவலகத்தில் யாருமே அவர் சிரித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. புகார்ப் பிரிவு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மாதான், புதுச் சட்டை வீணாகிவிட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

சுண்டுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, உடைந்துபோகவில்லை. தன் கனவையே விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரிக்கிற மனசு யாருக்கு வரும்? அவருக்குத் தன் கையாலேயே காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. வாசலில் வைத்திருந்த காபி டிரம்மில் ஒரு கப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து வந்தாள்.

அப்பா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். மருந்துக்கடைக்காரர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று குரலை இறக்கிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே எல்லாத்தையும் எடுக்க வெச்சுட்டோம் சார். அந்த இருமல் ஒண்ணுதான் எப்படியோ தப்பிச்சிருச்சு. வெளியூர் போறதுக்குள்ள அதையும் குறை சொல்லிடலாம், டீச்சர்கிட்டயும் பேசிட்டேன்."